பிறந்த ஊருக்கு 30 நாள் விசா

ஆடி மாதம் நெருங்கினால் என்னுடைய தொலைபேசிக்கு ஓய்வில்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். விசா எப்படி எடுப்பது, எவ்வளவு காசு கையிற் கொண்டுவரலாம், யாழ்ப்பாணத்துக்கு நேரே விமானம் உண்டா, பிள்ளைகளுக்கு நுளம்பு கடித்தால் என்ன செய்வது, கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அங்கை இப்ப பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?" என்று ஒரே வரிசையிற் கேள்விகள். பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் அறிந்திருப்பான் என்ற நம்பிக்கை எங்கள் சனத்திடம் இன்னும் பட்டுப்போகவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இலங்கைக்கு வருவோருக்கான வழிகாட்டி நூல்களுக்குப் பஞ்சமில்லை. பத்திரிகையிற் சுற்றுலா இணைப்பிதழ்களுக்கு நானும் பல தடவை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். யானை, தேயிலை, சீகிரியா, தென்கரைக் கடற்கரைகள் என்ற அதே வரிசைதான். அவையெல்லாம் இத்தீவை முதன்முறை காண வருபவருக்காக எழுதப்பட்டவை. இங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், இருபது முப்பது ஆண்டுகளின் பின்னர் வேறொரு நாட்டுக் கடவுச்சீட்டுடன் வந்து இறங்குபவருக்கென எழுதப்பட்ட ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வரிசையில் அவரும் சுற்றுலாப் பயணிதான். 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்ததாகக் கணக்கு. அந்தத் தொகைக்குள் தாயின் அந்தியேட்டிக்கு வந்தவர்களும், காணியைப் பார்க்க வந்தவர்களும் அடங்குவர்.

முதலில் விசா. வேறு நாட்டுப் பிரஜாவுரிமையை விரும்பிப் பெற்றுக்கொண்ட இலங்கையர், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறாதவிடத்து, இலங்கைப் பிரஜையாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்திற் பிறந்த கனேடியருக்கும் ரொறன்ரோவிற் பிறந்த கனேடியருக்கும் குடிவரவு மேசையில் வேறுபாடு இல்லை. இருவரும் புறப்படுமுன் இணையத்தில் இலத்திரனியல் பயண அனுமதி பெறவேண்டும். ஈ.ரி.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2012 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. முதலில் 30 நாட்கள் தருவார்கள். அதற்குமேல் தங்க விரும்பினால் அந்த நாட்கள் முடியுமுன்னரே நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். திரும்பிப் போகும் பயணச்சீட்டைக் காட்டச் சொன்னாற் காட்டவேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வருபவர்கள் தடுப்பூசிச் சான்றிதழும் வைத்திருக்கவேண்டும்.

கட்டணத்தை இங்கே எழுதப்போவதில்லை. நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் அடிக்கடி மாறுவதுமான ஒன்றை எழுதிவைத்தால் அது ஆறு மாதத்திற் பொய்யாகிவிடும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அரசாங்கத்தின் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. அவை அதே விண்ணப்பத்தை வாங்கி, அதற்குமேல் தங்கள் கூலியையும் வாங்கிக்கொள்கின்றன. முகவரி gov.lk என்று முடிகிறதா என்று பார்த்த பின்னரே கடனட்டை இலக்கத்தைக் கொடுங்கள்.

இந்த விசா விவகாரம் அண்மையில் நீதிமன்றம் வரை போய் வந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். 2024 ஏப்ரலில் ஈ.ரி.ஏ. முறையைக் கைவிட்டு, விசா விண்ணப்பங்களை வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். செலவு கூடியது. ஒப்பந்தம் கேள்விக்குள்ளாகியது. உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி அதை இடைநிறுத்திப் பழைய முறைக்குத் திரும்பும்படி பணித்தது. அந்தக் கட்டளை நிறைவேற்றப்படாததால் செப்டெம்பரில் குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளரே விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பின்னரே ஈ.ரி.ஏ. மீண்டும் வந்தது. ஒரு திணைக்களத் தலைவர் சிறைக்குப் போன பிறகு ஒழுங்காக இயங்கத் தொடங்கிய படிவம் உலகில் வேறெங்கும் இருக்குமோ என்று எனக்கு ஐயம். ஆகவே போன வருடம் வந்துபோன மச்சான் சொன்னதை நம்பிப் புறப்படாமல், பயணத்துக்கு முந்திய வாரத்தில் நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். 1986இல் போனவர். 2018 ஜனவரியில் முதன்முறையாகத் திரும்பிவர ஆயத்தமானபோது அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு என்னைத் தொலைபேசியில் வைத்திருந்தார். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். சுற்றுலா என்ற தலைப்பின் கீழே பொழுதுபோக்கு, உறவினர் நண்பரைச் சந்தித்தல், மருத்துவம் என்று தெரிவுகள் இருந்தன.

"தம்பி, நான் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை பிறந்தனான். என்ரை ஊருக்கு நான் ஏனடா உல்லாசப் பயணியா வரவேணும்?"

"உறவினரைச் சந்தித்தல் எண்டதைப் போடுங்கோ அக்கா. நான் இருக்கிறன்தானே."

"நீ கொழும்பிலை இருக்கிறாய். நான் பாக்க வாறது வீட்டை. வீட்டுக்கு இதிலை கட்டம் இல்லையே."

நான் சட்டத்தை விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ பேப்பர்க்காரன், அப்பிடித்தான் கதைப்பாய்" என்றார். பிறகு உறவினர் என்ற கட்டத்தையே தெரிவுசெய்தார்.

அக்காவைப் போல எண்ணுபவர்களுக்கு இரட்டைப் பிரஜாவுரிமை என்றொரு வழி உண்டு. 2011இல் நிறுத்திவைக்கப்பட்டு 2015இல் மீண்டும் தொடங்கப்பட்டது. கட்டணம் சிறியதல்ல. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, பொலிஸ் சான்றிதழ் என்று கடதாசிகளும் நிறைய வேண்டும். இடப்பெயர்வுகளிற் பெட்டிகளைத் தொலைத்த குடும்பங்களுக்குப் பிறப்புப் பதிவைத் தேடி எடுப்பதே பெரிய வேலை. ஆனாலும் அடிக்கடி வரவேண்டியவர்களும் இங்கே காணி பூமி உள்ளவர்களும் அதைப்பற்றி யோசிப்பது நல்லது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் வரும் இரட்டைப் பிரஜைக்கு விசாவும் இல்லை, 30 நாட் கணக்கும் இல்லை. வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜைகளுக்கு அதில் விலக்கு உண்டு. பெற்றோரின் காணி உரித்துவழி வருவதற்கும் விலக்கு உண்டு. ஆனால் உங்கள் உறுதி எந்த வகையில் அடங்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் காட்டிக் கேளுங்கள், என்னிடம் கேட்கவேண்டாம்.

அடுத்த கேள்வி, வடக்குக்குப் போவதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்பது. இன்றைக்கு வேண்டியதில்லை. இந்த ஒரு சொல்லோடு கடந்துபோய்விடலாம். ஆனால் அந்தக் கேள்வி ஏன் இன்னும் கேட்கப்படுகிறது என்பதை வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தீவுக்குள் வருவதற்கு விசா எடுப்பது வெளிநாட்டவரின் பாடு. தீவுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக விசா எடுத்தது எங்கள் பாடு. 1990 ஜூனில் புகையிரதம் நின்றுபோனது. ஆனையிறவுப் பாதையும் அடைபட்டது. 1993இல் பத்திரிகை வேலைக்காகக் கொழும்புக்கு வருவதற்கு நான் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்தேன். புறப்படுவதற்கு விடுதலைப் புலிகளின் பாஸ் வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். இக்கரை வந்தால் வவுனியாவில் மற்றப் பக்கத்தின் விசாரணை. வவுனியாவிலே தங்குவதற்கு ஒரு பாஸ், அதைத் தாண்டிக் கொழும்புக்குப் போக வேறொன்று. கொழும்பிலே வந்து சேர்ந்தால் பொலிஸ் பதிவு. அதற்கு வீட்டுக்காரரின் கையொப்பம், போதாதற்கு வந்த நோக்கத்துக்கு ஆதாரம். "வந்த நோக்கம்" என்ற சொற்றொடரை நான் முதன்முதற் படித்தது வெளிநாட்டு விசாப் படிவத்தில் அல்ல, அந்தப் பதிவுப் படிவத்தில்.

1997இல் எங்கள் அப்பா காலமானார். 1990இல் வீட்டை விட்டு எழும்பியவர், சாவகச்சேரியில் உறவினர் வீட்டில் இருந்து கண்ணை மூடினார். அப்போது தரைப்பாதை இல்லை. திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகும், அதில் ஏறுவதற்கு அனுமதி பெறவேண்டும். எனக்கு அது கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது எட்டுச் செலவும் முடிந்திருந்தது. அக்காவால் வரவே முடியவில்லை. 250 மைலுக்குள் இருந்த நானே பிந்திவிட்டேன் என்று சொல்லித்தான் அவரைத் தேற்றினேன்.

2002இல் ஏ-9 வீதி திறந்தபோது முகமாலையில் ஒரு நாட்டு எல்லையைப் போலவே இரு பக்கமும் சோதனை நடந்தது. ஒரு பக்கத்துச் சுங்கம், மறு பக்கத்துப் பரிசோதனை, நடுவே சூனியப் பிரதேசம். 2006 ஓகஸ்டில் மறுபடியும் அடைபட்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த 376 தமிழர்களை அங்கு தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்று கூறி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. யுத்தம் முடிந்து ஐந்து ஆண்டுகளின் பின்னரும், 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வடக்குக்குப் போவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவந்தார்கள். ஓமந்தையில் எத்தனையோ பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதோடு அது நீங்கியது. ஆகவேதான் பாரிஸிலிருந்து பேசும் ஒருவர் "ஓமந்தையில் இறக்குவாங்களோ?" என்று இன்றும் கேட்டால் நான் சிரிப்பதில்லை.

சரி, வரும் வழிக்கு வருவோம். பெரும்பாலோர் கட்டுநாயக்கவில்தான் இறங்குவர். அங்கிருந்து கொழும்புக்கு 2013இல் திறந்த அதிவேகப்பாதை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு நேரே போக விரும்பினால் கொழும்புக்குள் நுழையாமலே வான் பிடித்துப் போய்விடலாம். ஆனால் நீண்ட விமானப் பயணத்தின் பின்னர் இரவு முழுதும் வானில் குலுங்கிப் போவதை, அதுவும் நித்திரைக் கலக்கத்திற் சாரதி இருக்கும்போது, நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஓர் இரவு தங்கி, மறுநாட் காலைப் புகையிரதத்தில் ஏறுங்கள். யாழ்தேவி 24 ஆண்டுகளின் பின்னர் 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியிற் காங்கேசன்துறை வரை நீண்டது. ஆனையிறவைப் பகல் வெளிச்சத்திற் கடக்கவேண்டும் என்பது என் கட்சி. திருவிழாக் காலத்தில் ஆசனங்கள் பதிவு தொடங்கிய அன்றே முடிந்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணிநேரப் பயணம். மாரிகாலத்திற் கடல் கொந்தளித்தால் ஓடாது. இந்த இரு வழிகளிலும் வர எண்ணும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் இந்திய விசாவும் எடுக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த விசாவுடன் எந்தத் துறைமுகத்தால் வெளியேறலாம், மறுபடி உள்ளே வரலாமா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். திரும்பிப் போகும்போது கரையில் நின்று கலங்கியவர்களை அறிவேன்.

காலநிலை பற்றி வழிகாட்டி நூல்கள் "டிசெம்பர் முதல் மார்ச் வரை சிறந்த காலம்" என்று எழுதும். அது தென்கரைக்குப் பொருந்தும். வடக்குக்கும் கிழக்குக்கும் மழை வாடையோடு வருவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்தால் குடையோடு வாருங்கள். தை பிறந்தபின் பங்குனி வரை நல்ல காலம். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் வெயில் கொளுத்தும், காற்றும் இருக்கும். மலைநாட்டுக்குப் போக எண்ணுபவர்கள் பாதை நிலைமையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் பல இடங்களிற் சிதைத்தது. மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனமே சான்று தந்துவிட்டது. டெங்கு இருக்கிறது. பகலிற் கடிக்கும் நுளம்புக்குத்தான் பயப்படவேண்டும்.

கொண்டுவருவனவும் கொண்டுபோவனவும் பற்றிக் கொஞ்சம். 15,000 அமெரிக்க டொலருக்கு மேல் கையிற் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்கவேண்டும். ட்ரோன் கமெராவுக்கு முன் அனுமதி வேண்டும். பேரப்பிள்ளையின் பிறந்தநாட் பரிசு என்று சொன்னால் விடமாட்டார்கள். மருந்துகளுக்கு வைத்தியரின் துண்டு இருக்கட்டும். வாகனம் ஓட்ட எண்ணுபவர்களுக்குச் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, உள்ளூர் அங்கீகாரமும் பெறவேண்டும். (எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள்காரரைக் கண்டபின் அந்த எண்ணம் தானாகவே போய்விடும்.)

போகும்போதுதான் சிக்கல் பெரிது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருட்களை அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அப்பாச்சியின் குத்துவிளக்கு, பழைய செம்பு, ஏட்டுச்சுவடி, பழைய நாணயம் என்று உணர்ச்சிவசப்பட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள். வீட்டில் எஞ்சியதே அது ஒன்றுதான் என்ற நியாயம் எனக்கு விளங்கும். சுங்க மேசையில் விளங்காது. ஏடு இருந்தால் அதை நிழற்படமாக எடுத்துக்கொண்டு போங்கள். ஏட்டை யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ கொடுங்கள். எங்கள் ஊரிலே நூல்கள் போன வழி தெரிந்தவர்களுக்கு இதற்குமேற் சொல்லவேண்டியதில்லை.

இனி நடந்துகொள்ளும் முறை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. 2014இல், கையிற் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரை விமான நிலையத்திற் கைதுசெய்து, பின்னர் நாடு கடத்தினார்கள். படைமுகாம்களைப் படம் பிடிக்கவேண்டாம். வடக்கில் அவை எங்கும் இருப்பதால் கமெராவைத் திருப்பும் திசையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அது கண்ணிவெடி எச்சரிக்கை. வேலை இன்னும் முடியவில்லை. பழைய ஒற்றையடிப் பாதை உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் அதில் இறங்கவேண்டாம். சீகிரியாவில் வெளிநாட்டவருக்கான சீட்டு உள்ளூர்ச் சீட்டின் பல மடங்கு. அங்கே நின்று "நானும் இந்த நாட்டவன்" என்று வாதாடிப் பயனில்லை. நல்லூரிலே ஆண்கள் மேலாடையைக் களைந்து உள்ளே போகவேண்டும். அர்ச்சனைச் சீட்டு 1 ரூபா. கனடாவிலிருந்து வந்தவருக்கும் கோண்டாவிலிலிருந்து வந்தவருக்கும் அதே 1 ரூபாதான்.

ஒரு விடயத்தைத் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன், ஆனால் எழுதாமல் விடமுடியாது. சுற்றுலா விசாவில் வந்தவர் கூட்டத்திற் பேசுவதோ, பத்திரிகையாளர் மாநாடு நடத்துவதோ விசா மீறல் என்று கருதப்படலாம். நோர்வேப் பிரஜையான கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் 2013 நவம்பரில் தாயாரின் சமாதியைப் பார்க்க வன்னிக்குப் போயிருந்தபோது கைதுசெய்யப்பட்டார். விசா நிபந்தனையை மீறினார் என்பது குற்றச்சாட்டு. சில நாட்களில் நாடு கடத்தப்பட்டார். 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைப்பட்டியலிற் சேர்த்து வர்த்தமானி வெளியிட்டார்கள். அந்தப் பட்டியல் பின்னர் பல தடவை கூட்டியும் குறைத்தும் திருத்தப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லி வந்தது. வெளிநாட்டில் அமைப்புகளிற் பொறுப்பு வகித்தவர்கள் புறப்படுமுன் ஒரு சட்டத்தரணியுடன் பேசுங்கள். இலட்சக்கணக்கானோர் வந்து, சோறு கறி சாப்பிட்டு, தேர் பார்த்து, சுகமாகத் திரும்பிப் போகிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் என் தொழில்.

வீடுகளிற் தங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022இல் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவுக்கு மேல் ஏறியது. அதன் பின்னர் கொஞ்சம் இறங்கினாலும், ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. உங்களுக்கென்று மீனும் இறாலும் வாங்கி வைக்கும் மாமி அந்த மாதத்தை எப்படிச் சமாளிப்பார் என்று யோசியுங்கள். காசாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். சந்தைக்கு நீங்கள் போய் வாருங்கள்.

அக்கா வந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். எங்கள் வீடு மயிலிட்டிப் பக்கம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பிய பிறகு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டார்கள். எங்கள் துண்டு அதற்குள் வந்தது. வலிகாமம் வடக்கில் விடாத காணிகள் இன்னும் உண்டு. ஆகவே ஊர் பார்க்க வருபவர்கள் கிராம சேவையாளரிடம் முதலிற் கேட்டுவிட்டே போகவேண்டும்.

வீடு இருக்கவில்லை. அத்திவாரமும் பாதிதான். எங்கள் காணி எது, அடுத்த காணி எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே பற்றை. காணி உறுதியில் எல்லை வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய வளவு என்று எழுதியிருக்கிறது. ஒழுங்கையும் இல்லை, இன்னாரும் இல்லை. அக்காதான் கிணற்றைக் கொண்டு அடையாளம் கண்டார். கட்டிலே ஒரு மூலையில் உடைப்பு இருந்தது. சிறுமியாக இருந்தபோது தானே வாளியைப் போட்டு உடைத்தது என்றார். அதன் பிறகு நில அளவையாளரைப் பிடித்து, எல்லைக் கல் போட்டு, பற்றை வெட்டி முடிப்பதற்குள் 26 நாட்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு நாளும் காலையிற் கடவுச்சீட்டை எடுத்து முத்திரையின் திகதியைப் பார்ப்பார். நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். காணி வேலையாக வருபவர்கள் 30 நாள் போதாது என்பதை நினைவில் வைத்து, நீடிப்பைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் மீண்டும் வருகிறார், பேரனோடு. அவனுடைய விண்ணப்பத்தை அவனே கணினியில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டானாம். நோக்கம் என்ற கட்டத்தில் என்ன போட்டான் என்று நான் கேட்கவில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அப்போது இருக்குமா என்று மட்டும் அக்கா கேட்டு எழுதியிருந்தார். ஆனிக்குள் வந்தால் திருநெல்வேலிச் சந்தையிற் கிடைக்கும், ஆவணிக்கு வந்தாற் பனம்பழந்தான் என்று பதில் போட்டிருக்கிறேன்.